பழுதுக்குப் பொறுப்பு யாருடையது: விருத்தாசலத்துச் சாலைகளும் வாகன உதவிக் காப்பின் வரலாறும்

மணிமுத்தாற்றின் கரையில் பழமலைநாதர் கோயிலைச் சுற்றி வளர்ந்த விருத்தாசலம், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பீங்கான் ஊர் என்ற இரண்டாவது அடையாளத்தைப் பெற்றது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டியபோது கிடைத்த வெள்ளைக் களிமண்ணும், அரசு அமைத்த பீங்கான் தொழிற்பேட்டையும், பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் கல்வி நிறுவனமும் சேர்ந்து, மின்சார ஃபியூஸ் கட்டை, அகல் விளக்கு, பொம்மை, தேநீர்க் கோப்பை முதலியவற்றைச் சுட்டெடுக்கும் சூளைகளை இங்கே நிலைபெறச் செய்தன. விழுப்புரம்–திருச்சி இருப்புப் பாதையும் கடலூர்–சேலம் இருப்புப் பாதையும் சந்திக்கும் சந்திப்பாக இவ்வூர் முன்பே பெயர் பெற்றிருந்தாலும், களிமண் வருவதற்கும் சரக்கு போவதற்கும் சாலையே பெரிதும் பயன்பட்டதால், லாரியும் வேனும் பின்னர்க் காரும் இவ்வூர் வாழ்க்கையின் பிரிக்க முடியாத பகுதியாயின.

இவ்வூரில் கார் வைத்திருக்கும் ஒருவர் ஆண்டுக்கொரு முறை காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது, முகவர் நீட்டும் தாளில் 'சாலையோர உதவி' என்றொரு வரியும் இருக்கிறது. வண்டி வழியில் நின்றுவிட்டால் ஆள் அனுப்பிச் சரிசெய்வதற்கோ, பட்டறைக்கு ஏற்றிச் செல்வதற்கோ அளிக்கப்படும் உறுதிமொழியே அது. சில நூறு ரூபாயில் முடியும் எளிய காப்பு ஒன்று, அதைவிடப் பல மடங்கு விலையுள்ள உயர்காப்பு ஒன்று என அது இரண்டு தரத்தில் கிடைக்கும்போது, எதைத் தேர்வது என்பது பெரும்பாலும் அன்றைய கைச்செலவைப் பார்த்தே முடிவாகிறது. ஆனால் அந்த இரு விலைகளுக்கும் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. வண்டி நின்றுபோவதன் சுமை முதலில் ஓட்டுநர் மீதும், பிறகு பட்டறைக்காரர் மீதும், இறுதியில் ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கும் நிறுவனத்தின் மீதும் ஏறியது; அந்தப் போக்கில் விற்கப்படும் பண்டமே மாறிப்போனது. முன்பு காசு கொடுத்து வாங்கப்பட்டது பழுது நீக்கம் என்றால், இன்று வாங்கப்படுவது பெரும்பாலும் தூரம்.

விபத்து வேறு, பழுது வேறு

இந்த வரலாற்றின் அடித்தளம் காப்பீட்டுச் சட்டத்தில் உள்ளது. 1939ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டை, அதாவது ஒருவரது வண்டியால் பிறருக்கு ஏற்படும் உயிரிழப்புக்கும் காயத்துக்கும் ஈடு செய்யும் காப்பீட்டை, கட்டாயமாக்கியது. அப்பகுதி நடைமுறைக்கு வந்தது 1946 ஜூலை 1 அன்றுதான். சாலையில் போகிறவருக்கு நேரும் தீங்கையே சட்டம் முதன்மையாகக் கருதியதால், வண்டிக்காரரின் சொந்த வண்டிக்கு நேரும் சேதத்தைக் காப்பீடு செய்வது அவரவர் விருப்பத்துக்கு விடப்பட்டது. 1973இல் பொதுக் காப்பீட்டுத் தொழில் நாட்டுடைமையாகி, நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் நான்கு அரசு நிறுவனங்களாக இணைக்கப்பட்டபோது, அவற்றுள் ஒன்றான யுனைடெட் இந்தியாவுக்குச் சென்னை தலைமையிடமானது. ஆனால் எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் வாசகமும் விலையும் ஒன்றாகவே இருந்தன; கட்டணக் குழு வகுத்த விதிப் புத்தகமே எல்லோருக்கும் பொது.

அந்தப் பொது வாசகம் விபத்து, தீ, திருட்டு, வெள்ளம், கலவரம் ஆகியவற்றால் வரும் சேதத்தை ஏற்றுக்கொண்டது. தேய்மானத்தையும், இயந்திரக் கோளாற்றையும், மின் கோளாற்றையும், ஒரு சேதத்தின் தொடர்விளைவாக வரும் பின்னிழப்பையும் வெளிப்படையாக விலக்கியது. விபத்தில் சிக்கிய காரை அருகிலுள்ள பட்டறைக்கு இழுத்துச் செல்ல 1,500 ரூபாய் வரை தரப்படும் என்ற விதி அதில் இருந்தாலும், அது விபத்துக்கு மட்டுமே உரியது. டைனமோ வேலை செய்யாமல் நின்ற வண்டிக்கு அதில் ஒரு காசும் கிடையாது. மக்கள் 'ஃபுல் இன்சூரன்ஸ்' என்று அழைக்கும் முழுக் காப்பீடும், உதிரிப்பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் முழுத் தொகையும் தருவதால் 'பம்பர் டு பம்பர்' எனப்படும் காப்பும் இந்தக் கோட்டைத் தாண்டவில்லை. முழுக் காப்பீடு எடுத்தவர் நடுவழியில் வண்டி நின்றதும் ஏமாற்றம் அடைவதற்குக் காரணம் முகவரின் வாய்ச்சொல் மட்டுமன்று; பழுது என்பது காப்பீட்டுக்குரிய எதிர்பாரா நிகழ்வன்று, உரிமையாளரின் பராமரிப்புக் கடமையின் பகுதி என்று கருதிய பழைய கொள்கையும் அதற்குக் காரணம். சாலையோர உதவி என்ற தனிப்பண்டம் தோன்றியது, இந்தக் கொள்கை விட்டுவைத்த இடைவெளியில்தான்.

ஓட்டுநரே காப்பாக இருந்த காலம்

சென்னையில் சிம்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் 1903இல் நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டிய காலத்தில், கார் என்பது இயந்திர அறிவுள்ள ஓர் ஆளோடு சேர்த்தே வைத்திருக்க வேண்டிய பொருளாக இருந்தது. அக்காலக் கார்கள் பலவும் மாற்றுச் சக்கரம் இல்லாமலே விற்கப்பட்டன. வேல்ஸ் நாட்டு லனெல்லி நகரில் 1904இல் இரு சகோதரர்கள் தொடங்கிய ஸ்டெப்னி நிறுவனம், பஞ்சரான சக்கரத்தின் மேல் மாட்டிக்கொள்ளும் ஆரமற்ற மாற்றுச் சக்கரத்தை உலகெங்கும் விற்றது. வழிப் பழுதுக்கு முன்கூட்டியே பணம் கொடுத்து வைக்கும் வழக்கத்தின் முதல் வடிவம் இதுவே என்று சொல்லலாம். ஜமீன்தார்களும் வெள்ளை அதிகாரிகளும் வைத்திருந்த கார்களில் ஓட்டுநரோடு கிளீனரும் பயணம் செய்ததற்கும், பின்பெட்டியில் டியூப், ஒட்டு, பம்பு, ஜாக்கி, தண்ணீர் டின் முதலியவை நிறைந்திருந்ததற்கும் இதே காரணம் உண்டு.

பேருந்துத் தொழில் இதே சுமையை வேறு அளவில் சந்தித்தது. 1910களில் மதுரையை மையமாகக் கொண்டு பேருந்து விட்ட டி.வி.சுந்தரம் ஐயங்கார், மாட்டு லாடத்திலிருந்தும் குதிரை லாடத்திலிருந்தும் உதிர்ந்த ஆணிகள் சக்கரங்களைக் குத்திப் பஞ்சராக்குவதைத் தடுக்க, காந்தம் பொருத்திய வண்டியை முன்னே ஓட்டிச் சாலையிலுள்ள ஆணிகளைப் பொறுக்கச் செய்தார் என்று சொல்லப்படுகிறது. பழுது வந்த பிறகு உதவுவதைவிட, வராமல் தடுப்பதே மலிவு என்ற கணக்கு அதில் அடங்கியிருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்து கரிவாயுவில் ஓடும் பஸ்கள் புழக்கத்துக்கு வந்தபோது, மேட்டில் திணறி நிற்கும் வண்டியிலிருந்து பயணிகள் இறங்கித் தள்ளுவது பயணத்தின் இயல்பான பகுதியாகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது.

விடுதலைக்குப் பின் பேருந்துத் தொழில் பெரும்பாலும் அரசின் கைக்கு வந்தபோதும் இந்த முறை தொடர்ந்தது. 1975 முதல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்னார்க்காட்டுப் பகுதியில் இயங்கிய தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் பணிமனைகளையும், பழுதுபார்க்கும் வண்டிகளையும், மெக்கானிக்குகளையும் தானே வைத்துக்கொண்டது. விபத்து இழப்பீட்டையும் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் வெளியே காப்பீடு எடுக்காமல் சொந்த நிதியிலிருந்தே கொடுத்துவந்தன. இழப்பீடு தாமதமானால் நீதிமன்ற ஆணையின்பேரில் பேருந்து ஜப்தி செய்யப்படும் செய்தி தமிழ் நாளிதழ்களில் அடிக்கடி வருவது அதனால்தான். நூற்றுக்கணக்கான வண்டிகள் உள்ள நிறுவனத்துக்குத் தன் சுமையைத் தானே தாங்குவது கட்டுப்படியாகும். ஒரே வண்டி வைத்திருப்பவருக்கு அது கட்டுப்படியாகாது என்பதே பிற்காலச் சாலை உதவி வணிகத்தின் தோற்றுவாய்.

சங்கங்களும் அடுக்குகளும்

ஒரே வண்டிக்காரர்கள் ஒன்றுசேர்ந்து சுமையைப் பகிர்ந்துகொள்ளும் முறை முதலில் மேலைநாடுகளில் சங்கங்களாக உருவெடுத்தது. அமெரிக்காவில் 1902இலும், ஜெர்மனியில் 1903இலும், பிரிட்டனில் 1905இலும் தோன்றிய வாகன ஓட்டுநர் சங்கங்களுள், பிரிட்டிஷ் ஆட்டோமொபைல் சங்கம் தொடங்கப்பட்டது பழுது நீக்குவதற்காக அன்று. வேக வரம்பை மீறுவோரைப் பிடிக்கப் போலீசார் பதுங்கியிருக்கும் இடங்களைச் சைக்கிளில் சுற்றும் ஏவலர்கள் மூலம் உறுப்பினர்களுக்கு எச்சரிப்பதற்காக. சாலையில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்த அந்த ஏவலர்களிடமே பழுது பார்க்கும் பணியும் காலப்போக்கில் வந்து சேர்ந்தது. இந்தியாவில் கல்கத்தாவில் 1904இலும் பம்பாயில் 1919இலும் இத்தகைய சங்கங்கள் அமைந்தன. சென்னையில் தென்னிந்திய ஆட்டோமொபைல் சங்கம் உருவானது. ஓட்டுநர் பயிற்சி, வெளிநாட்டுப் பயண ஆவணம், உறுப்பினர்களுக்கு அவசர உதவி என்று இவை பயனுள்ள பணிகளைச் செய்தாலும், அவற்றின் கவனம் பெருநகரங்களைச் சுற்றியே இருந்ததால், மாவட்ட ஊர்களின் கார்க்காரர்களுக்கு அந்த உறுப்பினர் அட்டை பெரிதும் எட்டாத பொருளாகவே இருந்தது.

எளிய காப்பு, உயர்காப்பு என்ற பிரிவு தெளிவாக உருவானது 1970களின் பிரிட்டனில். 1971இல் பிராட்ஃபோர்டு நகரில் தொடங்கப்பட்டு, பின்னாளில் கிரீன் ஃபிளாக் என்று பெயர் மாறிய நிறுவனம், சொந்தமாக மெக்கானிக் படையை வைத்துக்கொள்ளாமல், ஊர்தோறும் உள்ள தனியார் பட்டறைகளோடு ஒப்பந்தம் செய்துகொண்டு குறைந்த விலையில் சேவை கொடுத்தது. மறுபுறம் ஆட்டோமொபைல் சங்கம் 1973இல் 'ரிலே' என்ற சேவையை அறிமுகப்படுத்தி, கூடுதல் கட்டணம் செலுத்துவோரின் காரையும் அதில் வந்தவர்களையும் நாட்டின் எந்தப் பகுதிக்கும் கொண்டுசேர்ப்பதாக உறுதி கூறியது. இவ்வாறு, யார் வருவார் என்பதும் எவ்வளவு தூரம் கொண்டுபோவார் என்பதும் விலையைத் தீர்மானிக்கும் இரு அச்சுகளாயின. இதற்கு முன்பே, 1963இல், பிரான்சில் தோன்றிய யூரோப் அசிஸ்டன்ஸ் என்ற நிறுவனம், பயணிகளுக்கு உதவுவதையே காப்பீட்டு வணிகமாக்கி, தன் கையில் ஒரு வண்டிகூட இல்லாமல் தொலைபேசி மூலம் பிறரை ஏவி வேலை முடிக்கும் முறையைப் பரப்பியது. இன்று இந்தியாவில் விற்கப்படும் சாலை உதவியின் அமைப்பு பெரும்பாலும் இந்த மூன்றாவது வழியைச் சேர்ந்தது.

பட்டறைகளின் பொற்காலம்

தமிழ்நாட்டில் இத்தகைய ஒப்பந்தம் நெடுங்காலம் தேவைப்படாமல் போனதற்குக் காரணம் வண்டியின் அமைப்பிலும் பட்டறையின் பரவலிலும் இருந்தது. 1950கள் தொடங்கி 1980கள் வரை ஓடியவை அம்பாசடர், ஃபியட், சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற சில வகைகளே. அவற்றின் பானெட்டைத் தூக்கினால் ஒவ்வோர் உறுப்பும் கண்ணுக்குத் தெரிந்தது, கைக்கும் எட்டியது. ஓர் ஊர் மெக்கானிக் கற்றுக்கொள்ள வேண்டிய இயந்திரங்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவையாக இருந்ததால், விருத்தாசலத்தில் கற்ற தொழில் திட்டக்குடியிலும் செல்லும், உளுந்தூர்ப்பேட்டையிலும் செல்லும்.

இந்தக் காலத்துப் பழுதுகளுள் பீங்கான் ஊருக்கு நெருக்கமானது ஸ்பார்க் பிளக் சார்ந்தது. பெட்ரோல் என்ஜினின் சிலிண்டருக்குள் எரிபொருளைப் பற்றவைக்கும் பொறியை உண்டாக்கும் இச்சிறு உறுப்பின் நடுவே, பல ஆயிரம் வோல்ட் மின்சாரத்தை உலோக உடலோடு சேரவிடாமல் தடுப்பது ஒரு வெள்ளைப் பீங்கான் குழல். விருத்தாசலத்துச் சூளையில் வேகும் ஃபியூஸ் கட்டை குறைந்த சூட்டிலும் குறைந்த மின்னழுத்தத்திலும் செய்யும் காப்பு வேலையையே, அலுமினா கலந்து மிகுந்த வெப்பத்தில் சுடப்பட்ட அந்தக் குழல் என்ஜினின் வெடிப்பு வெப்பத்துக்கு நடுவே செய்கிறது. அதில் மயிரிழை அளவு விரிசல் விழுந்தாலோ, கரி படிந்து மின்சாரம் கசிந்தாலோ ஒரு சிலிண்டர் வேலை செய்யாமல் வண்டி குலுங்கும். 1951இல் பெங்களூரில் நிறுவப்பட்ட மைக்கோ நிறுவனம் உள்நாட்டிலேயே பிளக் தயாரிக்கத் தொடங்கிய பிறகு மாற்றுப் பிளக் எளிதாகக் கிடைத்தாலும், அன்றைய மெக்கானிக் முதலில் செய்தது வேறு. பிளக் ஸ்பேனரால் நான்கையும் கழற்றி, உப்புத்தாளால் கரியைச் சுரண்டி, பெட்ரோலில் அலசி, முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் இடைவெளி இருக்குமாறு மெல்லத் தட்டிச் சரிசெய்து, பீங்கானைத் துணியால் துடைத்து மீண்டும் பூட்டுவார். அரை மணி நேரத்தில் முடியும் இவ்வேலைக்கு அவர் வாங்கிய கூலிதான் அக்காலத்துச் சாலை உதவிக் கட்டணம்; அது பழுது வந்த பின் கொடுக்கப்பட்டதே தவிர, முன்கூட்டிக் கட்டப்பட்டதன்று.

களிமண் ஏற்றிய லாரிகளின் நிலையும் இதுவே. அச்சு முறிந்தோ டயர் வெடித்தோ நின்ற லாரியைச் சுற்றிக் கருங்கற்களை வரிசையாக வைத்து, வேப்பங்கொத்தோ புளியங்கொத்தோ ஒடித்துப் பின்புறம் செருகி எச்சரிக்கை செய்வது சாலை வழக்கமாக இருந்தது. கிளீனர் வண்டிக்குக் காவலிருக்க, ஓட்டுநர் பேருந்தேறி ஊருக்குப் போய் உதிரிப்பாகம் வாங்கி வந்தார். பழுது நீங்கிய பின் அந்தக் கற்கள் சாலையிலேயே கிடந்து, இரவில் வரும் அடுத்த வண்டிக்கு ஆபத்தாவதும் உண்டு. ஒருவரது பழுதின் செலவு பெயர் தெரியாத இன்னொருவர் மீது ஏறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

பானெட் மூடிய பிறகு

இந்த ஏற்பாடு குலைந்தது மூன்று மாற்றங்களால். முதலாவது, 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 தொடங்கி வைத்த சிறுகார்ப் பெருக்கம். ஓட்டுநரை வைத்துக்கொள்ளாமல் தாமே ஓட்டும் நடுத்தரக் குடும்பங்கள் காருக்கு வந்ததால், வண்டியைப் பற்றி அறிந்த ஓர் ஆள் எப்போதும் வண்டியிலேயே இருக்கும் நிலை மறைந்தது. இரண்டாவது, 2000ஆம் ஆண்டு முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகள். கார்புரேட்டர் போய் மின்னணு எரிபொருள் தெளிப்பு முறை வந்தது. சாவியிலுள்ள சில்லை அறிந்தால் மட்டுமே என்ஜினை இயங்கவிடும் திருட்டுத் தடுப்புக் கருவியும் பரவியது. சென்சார் ஒன்று பழுதானால் உப்புத்தாளும் ஸ்பேனரும் பயன்படா. காரைத் தயாரித்த நிறுவனத்தின் ஸ்கேனர் கருவியுள்ள பணிமனைக்கு வண்டியைக் கொண்டுபோயே ஆக வேண்டும். மூன்றாவது, சென்னை–திருச்சி நெடுஞ்சாலை நான்கு வழியாகியதோடு சேர்ந்து வந்த வேகமும் தூரமும். முன்பு இரவு தங்கிப் போன சென்னைப் பயணம் ஒரே நாளில் போய்த் திரும்பும் வேலையாயிற்று; வேலியிட்ட நெடுஞ்சாலையில் நின்ற வண்டிக்கு ஊர்ப்பட்டறை கூப்பிடு தூரத்தில் இல்லை.

பழுதைச் சாலையிலேயே நீக்குவது அரிதாகி, வண்டியை ஏற்றிச் செல்வதே வழியாகிய இந்தக் கட்டத்தில்தான் காப்பீட்டுச் சந்தையும் திறந்தது. 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் சட்ட அதிகாரம் பெற்று, 2000இல் தனியார் நிறுவனங்களுக்கு உரிமம் வழங்கியபோது, பொதுக் காப்பீட்டில் முதல் உரிமம் பெற்றவற்றுள் சென்னையைச் சேர்ந்த ராயல் சுந்தரமும் ஒன்று. 2007 ஜனவரி முதல் கட்டணக் குழுவின் விலைக் கட்டுப்பாடு விலகியது. அடுத்த சில ஆண்டுகளில், அடிப்படை வாசகத்துக்கு மேல் துணைக் காப்புகளைச் சேர்த்து விற்கவும் நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. தேய்மானக் கழிவு இல்லாக் காப்பு, என்ஜின் காப்பு, சாலை உதவி எனப் பட்டியல் நீண்டது இப்படித்தான். கார் தயாரிப்பாளர்களும் புதுக் காருடன் சில ஆண்டுச் சாலை உதவியை இணைத்துக் கொடுத்தனர், டி.வி.எஸ். குழுமத்திலிருந்து கிளைத்த சாலை உதவி வணிகம் உட்படத் தனி நிறுவனங்கள் பலவும் ஆண்டுச் சந்தா முறையில் இதே சேவையை விற்றன. பயணியின் தொலைபேசி அழைப்பைப் பெருநகரத்து அழைப்பு மையம் ஏற்றுக்கொண்டு, அருகிலுள்ள ஊரில் ஒப்பந்தம் செய்துகொண்ட பட்டறைக்காரரையோ ரெக்கவரி வண்டிக்காரரையோ அனுப்புகிறது. பழைய பட்டறைக்காரர் மறைந்துவிடவில்லை. அவர் இப்போது நிறுவனத்தின் வழியாக வருகிறார்.

அரசும் இதே காலத்தில் ஒரு பங்கை ஏற்றது. சுங்கச் சாவடி உள்ள தேசிய நெடுஞ்சாலைகளில் ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ், கிரேன் ஆகியவற்றை வைத்திருக்க வேண்டும் என்பது சாலை நடத்துநரின் ஒப்பந்தக் கடமையாகி, 2018 முதல் 1033 என்ற ஒற்றை எண்ணில் அவ்வுதவி கிடைக்கிறது. அதன் நோக்கம் சாலையை அடைத்து நிற்கும் வண்டியை அகற்றிப் போக்குவரத்தைச் சீராக்குவது. வண்டியை உரிமையாளர் விரும்பும் பணிமனைக்குக் கொண்டுசேர்ப்பதன்று.

விலையின் உட்பொருள்

எளிய காப்புக்கும் உயர்காப்புக்கும் இடையிலுள்ள வேறுபாடு, பட்டியலில் எத்தனை சேவைகள் அச்சிடப்பட்டுள்ளன என்பதில் அவ்வளவாக இல்லை. பேட்டரி இறங்கினால் வேறு பேட்டரியோடு இணைத்து ஸ்டார்ட் செய்து கொடுப்பது, பஞ்சரான சக்கரத்தைக் கழற்றி ஸ்டெப்னி மாட்டுவது, சில லிட்டர் எரிபொருள் கொண்டுவருவது, உள்ளே சாவி மாட்டிக்கொண்டால் கதவைத் திறப்பது ஆகியவை பெரும்பாலும் இரண்டிலும் உண்டு. எரிபொருளின் விலையையும் உதிரிப்பாகத்தின் விலையையும் வண்டிக்காரரே தர வேண்டும் என்பதும் இரண்டுக்கும் பொது. வேறுபாடு மற்ற நான்கு இடங்களில் உள்ளது: எத்தனை கிலோமீட்டர் வரை இலவசமாக ஏற்றிச் செல்வார்கள், ஆண்டுக்கு எத்தனை முறை வருவார்கள், எவ்வகை வண்டியில் ஏற்றுவார்கள், காரைக் கொண்டுபோன பின் அதில் வந்தவர்களை என்ன செய்வார்கள்.

இவற்றுள் மூன்றாவது பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. கயிறு கட்டி இழுப்பதும், கொக்கியால் முன்சக்கரங்களைத் தூக்கி இழுப்பதும், முழு வண்டியையும் தட்டுப்பலகை மேல் ஏற்றுவதும் செலவில் மட்டுமன்றி விளைவிலும் வேறானவை. தானியங்கிக் கியர் உள்ள காரின் இயக்கச் சக்கரங்கள் தரையில் உருள அதிக தூரம் இழுத்தால், உயவு எண்ணெய் சுற்றாமல் கியர்பெட்டி கெட்டுப்போகும். மின்சாரக் கார்கள் பலவற்றில் சக்கரம் உருண்டாலே மோட்டார் மின்சாரத்தை உண்டாக்கும் என்பதால், அவற்றைத் தட்டுப்பலகை வண்டியில் மட்டுமே ஏற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் வற்புறுத்துகின்றனர். இத்தகைய கார் வைத்திருப்பவர் கொக்கி வண்டியை அனுப்பும் மலிவான காப்பை வாங்கினால், மிச்சமாகும் சில நூறு ரூபாய்க்கு ஈடாகக் கியர்பெட்டியையே பணயம் வைக்க நேரும்.

வெள்ளம் இக்கணக்கில் இன்னொரு கூறு. கெடிலம், தென்பெண்ணை, வெள்ளாறு, மணிமுத்தாறு ஆகியவை பாயும் கடலூர் மாவட்டம் 2011 டிசம்பரில் தானே புயலையும், 2015இல் பெருவெள்ளத்தையும், 2024இல் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தையும் கண்டது. வெள்ளத்தில் மூழ்கிய காரின் சேதம் முழுக் காப்பீட்டில் சேரும். ஆனால் நீர் புகுந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து உள்ளுறுப்புகள் வளைந்து முறிந்தால், அது பின்னிழப்பு என்ற பழைய விலக்கின்கீழ் மறுக்கப்படக்கூடும். இதை ஈடுசெய்வது என்ஜின் காப்பு என்ற தனித் துணைக் காப்பே தவிர, எவ்வளவு உயர்ந்த சாலை உதவியும் அன்று. இரண்டுக்கும் பெயர்கள் ஒரே தாளில் அடுத்தடுத்து இருப்பதால், ஒன்றை வாங்கியவர் மற்றொன்றையும் வாங்கியதாக எண்ணிக்கொள்வது இயல்பு.

விருத்தாசலத்தின் கணக்கு

இந்த வரலாற்றை விருத்தாசலத்தின் நிலவமைப்போடு சேர்த்துப் பார்க்கும்போதே விலைகளின் பொருள் முழுமையாகிறது. இவ்வூரிலிருந்து உளுந்தூர்ப்பேட்டை ஏறத்தாழ 25 கிலோமீட்டர், கடலூர் ஏறத்தாழ 60 கிலோமீட்டர். திருச்சியும் சேலமும் 100 கிலோமீட்டருக்கு மேல், சென்னை 200 கிலோமீட்டருக்கு மேல். பரவலாக விற்கும் கார்களுக்கு அருகிலேயே பணிமனை கிடைக்கலாம். அதிகம் ஓடாத வகைக் கார் என்றால் அதற்குரிய பணிமனை கடலூரிலோ புதுச்சேரியிலோ திருச்சியிலோ இருக்கக்கூடும். எளிய காப்புகள் பலவற்றில் காணப்படும் 50 கிலோமீட்டர் வரம்பு, சென்னை மாநகருக்குள் நின்ற காருக்குத் தாராளமாகப் போதும். விருத்தாசலத்தில் நின்று கடலூர் போக வேண்டிய காருக்கு அது பத்துக் கிலோமீட்டர் குறைவு. அந்த வரம்பு வண்டி நின்ற இடத்திலிருந்து எண்ணப்படுகிறதா, ரெக்கவரி வண்டி புறப்பட்ட இடத்திலிருந்து எண்ணப்படுகிறதா என்பது ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். பின்னதாயின் உதவி வந்து சேர்வதற்குள்ளேயே வரம்பின் பெரும்பகுதி கரைந்துவிடும். ஆகவே ஒரே விலையுள்ள ஒரே காப்பு, பெருநகரத்தில் போதுமானதாகவும் மாவட்ட ஊரில் குறையுள்ளதாகவும் ஆகிறது.

இதற்கு நேர்மாறான உண்மையும் உண்டு. பேட்டரி, பஞ்சர், பெல்ட் போன்ற சிறு பழுதுகளுக்கு விருத்தாசலம், பெண்ணாடம், திட்டக்குடி, நெய்வேலி வட்டாரத்தில் அறிமுகமான மெக்கானிக் ஒருவர், அழைப்பு மையம் ஆள் தேடி அனுப்புவதற்கு முன்பே இருசக்கர வண்டியில் வந்து சேர்ந்துவிடுவார். மாவட்டத்துக்குள்ளேயே ஓடும், ஊர்ப்பட்டறையில் பழுது பார்க்கத் தக்க பழைய காருக்கு எளிய காப்போ, காப்பே இல்லாமல் நம்பகமான மெக்கானிக்கின் எண்ணோ போதும். புதுக் கார் வாங்கியவருக்கு உத்தரவாதக் காலம் முடியும்வரை தயாரிப்பாளரே சாலை உதவி தருவாராயின், காப்பீட்டிலும் அதையே சேர்ப்பது ஒரே சேவைக்கு இருமுறை பணம் கட்டுவதாகும். சென்னைக்கும் பெங்களூருக்கும் இரவில் குடும்பத்தோடு அடிக்கடி போய்வரும் காருக்கும், தானியங்கிக் கியர் உள்ள காருக்கும், மின்சாரக் காருக்கும், தொலைவிலுள்ள பணிமனையை மட்டுமே நம்பும் காருக்கும் உயர்காப்பின் விலை வீண்செலவன்று; தூர வரம்பு, தட்டுப்பலகை வண்டி, மாற்று டாக்ஸி, இரவுத் தங்கல் ஆகியவை அந்தக் காப்பில் எழுத்து வடிவில் இருந்தால் மட்டும்.

எழுத்து வடிவம் முக்கியமாவதற்கும் வரலாற்றுக் காரணம் உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டின் விலையை இன்றும் அரசே அறிவிக்கிறது. 2022 ஜூன் முதல் 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள காருக்கு அது 3,416 ரூபாய் என்பது எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் மாறாது. சாலை உதவிக்கு அத்தகைய பொது விலையும் இல்லை, பொது வாசகமும் இல்லை. கட்டணக் குழுவின் காலத்தில் எல்லோருக்கும் ஒரே வாசகம் என்பதால் வாங்குபவர் படித்துப் பார்க்காவிட்டாலும் நட்டமில்லை. கட்டுப்பாடு விலகிய பின் ஒவ்வொரு நிறுவனத்தின் கிலோமீட்டரும் விலக்குப் பட்டியலும் தனித்தனியாகிவிட்டதால், ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பு வாங்குபவரிடம் வந்துவிட்டது. வாக்களித்த உதவி வராமல் போனால், கடலூரிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையோ, காப்பீட்டோடு இணைந்த காப்பாயின் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரையோ அணுகலாம். அங்கும் முதலில் கேட்கப்படுவது ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே.

ஓட்டுநரும் கிளீனரும் பட்டறைக்காரரும் தாங்கிய சுமை ஒப்பந்தமாக மாறிய இந்த நூறாண்டில், பழுதுக்கும் விபத்துக்கும் இடையே பழைய காப்பீட்டு வாசகம் போட்ட கோடு மட்டும் அழியவில்லை. எளிய காப்பும் உயர்காப்பும் அந்தக் கோட்டுக்கு அப்பால் நிற்கும் வண்டியை நகர்த்தித் தரும். அதன் பழுதுக்கான செலவை இரண்டும் ஏற்பதில்லை. ஆகவே விருத்தாசலத்துக் கார்க்காரர் முகவரிடம் முதலில் கேட்க வேண்டியது விலையை அன்று. தம் கார் வழக்கமாக ஓடும் சாலையில் நின்றால், அதைப் பழுது பார்க்கத் தக்க பணிமனை எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது, அத்தனை கிலோமீட்டரும் காப்பின் வரம்புக்குள் வருகிறதா என்பதை. அந்தத் தூரம் வரம்புக்குள் அடங்கினால் எளிய காப்பு போதும். அடங்காவிட்டால் உயர்காப்புக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் அந்த மிச்சத் தூரத்தின் விலையே.